வாளிக்காரி வீடு பார்த்தது

வாளிக்காரிக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டது என்பதை அவள் வாயை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எதை அதிகமாகத் திட்டுகிறாளோ அதைத்தான் வாங்கப் போகிறாள். பிடிக்காத பொருளை அவள் திட்டுவதில்லை. ‘நல்லாயிருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த அடுக்குக்கு நகர்ந்துவிடுவாள். மொத்த வியாபாரக் கடையில் நீல வாளிகளைக் காட்டி, “இது வாளியா, காகிதமா? தண்ணியைப் பார்த்ததும் இதுக்குக் காய்ச்சல் வந்துடும் போலிருக்கே” என்று ஆரம்பித்துவிட்டாள் என்றால், அந்த அடுக்கு மொத்தமும் அன்றைக்கு அவள் தள்ளுவண்டியில் ஏறப்போகிறது என்பது கடை ஆட்களுக்கெல்லாம் தெரியும்.

அந்த நாடகத்தில் அவள் புருஷனுக்கு ஒரே ஒரு வசனம். அவள் கைப்பிடியை ஆட்டி, அடியைத் தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வாளி செய்த ஆளின் பரம்பரை வரைக்கும் விசாரித்து முடித்ததும், அவன் “வா, போலாம்” என்பான். இருவரும் கடைப் படியில் இறங்குவார்கள். வித்தையே அந்த இறக்கத்தில்தான் இருந்தது. வேகமாக இறங்கினால் நிஜமாகவே போகிறார்கள் என்றாகிவிடும். நின்று நின்று இறங்கினால் கெஞ்சுகிறார்கள் என்றாகிவிடும். செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி ஒரு குனிதல், வண்டிச் சக்கரத்தில் ஏதோ சந்தேகம் என்கிற மாதிரி ஒரு பார்வை. தெருவைத் தொடுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிடும். “யம்மா, இங்க வா. நான் சொன்னதும் வேணாம், நீ கேட்டதும் வேணாம்.” கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரல் வராமல் போனதே கிடையாது. அதில் கடைக்காரருக்கும் ஒரு திருப்தி. சொன்ன விலையை எடுத்து நீட்டிவிட்டுப் போகிற ஆளைப் பார்த்தால் எந்த வியாபாரிக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமோ என்று மனசு அரித்துக்கொண்டே கிடக்கும்.

இந்த வித்தையை வைத்துத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. இதே வித்தையால்தான் கைக்கு வந்த ஒரு வீட்டையும் தொலைத்தது.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் பின்சுவர் மழையில் இறங்கியது. அதிகாரிகள் வந்து கதவில் சிவப்பாகக் கோடு போட்டார்கள். அடுத்த வாரம் இடிக்கிற இயந்திரம் வந்தது. தள்ளுவண்டி நிறைய பிளாஸ்டிக் சாமானும், இரண்டு பிள்ளைகளுமாக வந்து நிற்கிற குடும்பத்துக்கு வீடு கொடுக்க யாருக்கும் மனசில்லை. கொஞ்ச நாள் நாத்தனார் வீட்டில் இருந்தார்கள். நாத்தனார் நல்லவள்தான். ஆனால் அவளுடைய சிரிப்பு நாளுக்கு நாள் தேய்ந்து, ஒரு நாள் காலையில் சுத்தமாகக் காணாமல் போனது. அதன் பிறகு மேம்பாலத்துக்குக் கீழே.

அங்கே விற்கிற சாமானே வீட்டுச் சாமான் ஆயிற்று. பெரிய தொட்டி சின்னவனுக்குப் படுக்கை. கவிழ்த்துப்போட்ட டப்பா பெரியவளுக்கு எழுதுமேசை. மூடி போட்ட டிரம் பீரோ. அதற்குள்தான் பெரியவளின் பள்ளிச் சீருடை மடித்து வைத்திருக்கும். ஒரு நாள் வியாபார மும்முரத்தில் வாளிக்காரி அந்த டிரம்மைச் சீருடையோடு சேர்த்து விற்றுவிட்டாள். நல்ல விலை வேறு. புருஷன் தெருத்தெருவாக ஓடி, வாங்கிய அம்மாவைக் கண்டுபிடித்துச் சீருடையை மீட்டுக்கொண்டு வந்தான். “டிரம் இவ்வளவு கனமா இருக்கே, நல்ல சரக்குதான்னு நெனச்சேன்” என்றாளாம் அந்த அம்மா.

மேம்பாலத்துக்கு ஒரு நாள் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். வீடில்லாத குடும்பங்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற ஒரு சங்கத்தில் வேலை. பெரிய தோள்பை, அதற்குள் எப்போதும் சாவிகள் குலுங்கும். அதனால் எல்லோருக்கும் அவள் சாவியம்மா. வயதைப் பார்த்தால் வாளிக்காரிக்குத் தங்கையாகக்கூட இருக்க முடியாது, அவ்வளவு சின்னவள். அவள்தான் அவர்களைச் சங்கத்தின் விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

விடுதி என்பது மூடிப்போன ஒரு அச்சகம். இயந்திரங்கள் இருந்த இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை வட்ட வட்டமாக இருக்கும். கூடம் முழுக்கத் திரைகள் தொங்கவிட்டு, திரைக்கு ஒரு குடும்பம். காலையில் ரொட்டியும் முட்டையும் டீயும். குளிக்க வரிசை. பிள்ளைகளின் சீருடைகளை மட்டும் சங்கத்து ஆட்களே துவைத்து, தேய்த்து, ஆணியில் மாட்டி வைத்துவிடுவார்கள். எந்தப் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் தெரியக் கூடாது என்பதற்காக.

குடும்பத்தோடு தங்குகிற கூடம் அது ஒன்றுதான். வெளியே காத்திருக்கிற குடும்பங்களோ ஏராளம். ஆகவே ஒரு விதி வைத்திருந்தார்கள். சங்கம் வாடகையில் பாதி கொடுத்து ஒரு வீடு காட்டும். பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று. அதுவும் வேண்டாமென்றால் கூடத்தை விட்டுவிட வேண்டும். ஆண்கள் ஊரின் ஒரு கோடியில் இருக்கிற ஆண்கள் விடுதிக்கு. பெண்களும் பிள்ளைகளும் மறுகோடிக்கு. அப்படிப் பிரிந்து போன குடும்பங்கள் திரும்பச் சேர்ந்ததாக அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. வாளிக்காரி விஷயத்தில் தொழிலும் சேர்ந்து போகும். வாளி வியாபாரம் ஒற்றை ஆள் செய்கிற வியாபாரமில்லை. திட்டுவதற்கு ஒருத்தி, ‘வா, போலாம்’ சொல்வதற்கு ஒருத்தன் வேண்டும்.

சாவியம்மா முதலில் காட்டிய வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை, பின்னால் குளியலறை. ஜன்னலைத் திறந்தால் பெரியவள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் மைதானம். பெரியவள் நேராக அங்கே போய் நின்றுவிட்டாள். அவள் முகத்தில் என்னமோ மலர ஆரம்பித்தது. அது முழுக்க மலர்வதற்குள் வாளிக்காரி மகளின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கடைக்குள் நுழைந்தால் முகத்தைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டுப் பாடம். பெரியவள் பூட்டிக்கொண்டாள்.

உண்மையில், உள்ளே காலை வைத்தபோதே வாளிக்காரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாமான் எந்தப் பக்கம், படுக்கை எந்தப் பக்கம் என்றுகூட மனசுக்குள் போட்டுவிட்டாள். அவ்வளவு பிடித்துவிட்டதால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“இது என்னம்மா குழாய்? சளி பிடிச்ச புள்ள மூக்கு மாதிரி ஒழுகுது.”

“வாஷர் போயிருக்கும் அக்கா. மாத்திடலாம்.”

“மாத்தறதுன்னா எல்லாத்தையும் மாத்தணும். இந்தக் கொக்கியைப் பாரு. ஒரு காத்து அடிச்சா ஜன்னல் கீழத் தெருவுக்குப் போயிடும், நாம போய்க் கேட்டு வாங்கிட்டு வரணும்.”

“அதையும் சொல்லிடறேன்.”

“மூணு மாடி வேற! கீழேர்ந்து ஏறி மேல வர்றதுக்குள்ள சின்னவன் பெரியவனாயிடுவான்.”

“பசங்க ஓடிடுவாங்க அக்கா.”

“எங்க வண்டி ஓடுமா? அதை எங்க நிறுத்தறது, தலைமேலயா?”

“கீழ ஓரத்துல இடம் காட்டினேனே.”

“அது இடமா? ஒரு பூனை படுத்தா வாலு ரோட்டுல கெடக்கும். சுவத்தைப் பாரு, பெயிண்டா அடிச்சிருக்கான்? எச்சில் தொட்டுத் தடவியிருக்கான்.”

இவ்வளவையும் எதைக் குறைப்பதற்காகப் பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. வாடகையில் பாதி சங்கத்துடையது. மீதியும் அவர்களால் முடிகிற தொகைதான். அப்படியும், பிடித்த பொருளின் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சாவியம்மாவோ, பொருளில் ஒட்டியிருக்கிற விலையைக் கொடுத்து வாங்கியே வளர்ந்த பெண். யார் என்ன சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வாள். அவள் முகம் வாடிவிட்டது. கடைசி நம்பிக்கையாகப் பெரியவளிடம் போனாள்.

“உனக்குப் பிடிச்சிருக்காடா?”

பெரியவள் தோளைக் குலுக்கினாள். “பரவால்ல.”

“பரவால்லன்னா?”

“பரவால்ல.”

அப்போது புருஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் வசனத்தைச் சொன்னான். “வா, போலாம்.”

இறங்கினார்கள். இரண்டாவது மாடியில் வாளிக்காரி செருப்பு வாரைச் சரிசெய்தாள். முதல் மாடியில் புருஷன் மின்சாரப் பெட்டியை ரொம்ப நேரம் ஆராய்ந்தான். கீழே வந்து வண்டிச் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தான். மேலே பூட்டு விழுகிற சத்தம்தான் கேட்டது. சாவியம்மா இறங்கி வந்து, “பரவால்லக்கா, கட்டாயம் இல்ல. உங்களுக்குப் பிடிக்கணும், அதான் முக்கியம்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“கூப்பிடலையே?” என்றான் புருஷன்.

“கூப்பிடுவா.”

“போயிட்டாளே.”

“விட்டுப் பிடிக்கறா. பாக்கத்தான் சின்னப் பொண்ணு, ஆளு கெட்டி. நாளைக்கு அவளே வருவா பாருங்க.”

மறுநாள் வந்தது என்னவோ செய்திதான். சாயங்காலம் அவர்கள் விடுதிக்குத் திரும்பியபோது பக்கத்துத் திரையில் இருந்த தையல்காரர் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. தையல்காரரின் மனைவி ஓடிவந்து வாளிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எங்களுக்கு வீடு கெடைச்சிருச்சு! மூணாவது மாடி. ஜன்னலைத் தொறந்தா மைதானம். அவ்வளவு காத்து!”

“அப்படியா?” என்றாள் வாளிக்காரி.

“நேத்து யாரோ பாத்துட்டு வேணாம்னுட்டாங்களாம். அவங்க ரொம்பக் குறை சொன்னாங்களாம். அதனால ஓனரு பயந்து, குழாய் புதுசு மாத்தி, ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டு, ஒரு பக்கம் பெயிண்டும் அடிச்சிட்டாரு. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்.”

வாளிக்காரியின் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகப் படிந்த பேரம் அதற்கு முன் இல்லை. பொருள்தான் அடுத்தவள் கைக்குப் போய்விட்டது.

“நல்லாயிருக்கட்டும்மா,” என்று சொல்லிவிட்டுத் தன் திரைக்குள் போய் உட்கார்ந்தாள். சின்னவன் மடியில் ஏறினான். பெரியவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“கேட்டுச்சா?” என்றாள் அம்மா.

“கேட்டுச்சு.”

“வேற நல்லதாக் காட்டுவாங்க.”

பெரியவள் பென்சிலைத் திருப்பி எதையோ அழித்தாள். “எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நீதான் காட்டிக்காதேன்னே.”

காலையில் சாவியம்மா வந்ததும் வாளிக்காரி டீ வரிசையை விட்டுவிட்டு அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“அந்த வீடு எங்களுக்குப் பிடிச்சிருந்துச்சும்மா.”

சாவியம்மா பையைக் கீழே வைத்தாள். “எந்த வீடு?”

“மூணாவது மாடி.”

“என்னக்கா சொல்றீங்க? ஒண்ணொண்ணா குறை சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

“அண்ணா வேற ‘வா, போலாம்’னாரு.”

“அவரு எப்பவும் அதைத்தாம்மா சொல்வாரு. அவருக்கு வேற தெரியாது.”

“பாப்பாகிட்டயும் கேட்டேனே. பரவால்லன்னா.”

“எங்க வீட்ல பரவால்லன்னா ரொம்பப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.”

“அப்ப பிடிக்கலன்னா என்ன சொல்வீங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டோம். நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு வந்துடுவோம்.”

“ஐயோ அக்கா! இவ்வளவு மோசமான வீட்டைக் கொண்டுபோய்க் காட்டிட்டோமேன்னு நான் நேத்து பூரா மனசு கஷ்டப்பட்டுக்கிட்டிருந்தேன். ஓனர்கிட்ட சண்டை வேற போட்டேன்.”

“நல்லாத்தான் போட்டிருக்கே. குழாய் புதுசாமே.”

இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

“தையல்காரர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?” என்றாள் வாளிக்காரி. “மிஷினை மூணு மாடி தூக்கிட்டுப் போறது கஷ்டம். கீழ் வீடா இருந்தா அவருக்கு நாலு கிராக்கி வரும். நான் எடுத்துச் சொன்னா…”

“வேணாம்க்கா. அவங்க சின்னப் பொண்ணு நேத்து அந்த வீட்ல தூங்கவே மாட்டேன்னுட்டாளாம், சந்தோஷத்துல. அறையைச் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டே இருந்தாளாம்.”

எந்த விலைக்கும் வாளிக்காரியிடம் ஒரு எதிர்விலை இருக்கும். இதற்கு இல்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றாள் சாவியம்மா. “வெள்ளிக்கிழமை காட்டறேன். அதுதான் கடைசி, அக்கா. என் கையில அதுக்கு மேல எதுவும் இல்ல.”

அன்றைக்கு வண்டி தள்ளிக்கொண்டு போனபோது தூறல் போட்டுக்கொண்டேயிருந்தது. வாளிகள் எல்லாம் வானத்தைப் பார்த்து வாய் திறந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தன. புருஷன் தெருவுக்குத் தெரு நிறுத்தி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கொட்டினான்.

“நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்,” என்றான். மழைச் சத்தத்தில் சொன்னால் பாதி காதில் விழாது என்ற தைரியம்.

“நான் திட்டினேன். சரி. உங்களை யாரு ‘வா, போலாம்’னு சொல்லச் சொன்னது?”

“நீ திட்டி முடிச்சா நான் சொல்லணும். அதானே வழக்கம்?”

“வீட்டுக்கும் வாளிக்கும் வித்தியாசம் தெரியாதா?”

“உனக்குத் தெரிஞ்சுதா?”

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் ஒரு வீட்டு வாசலில் இருந்து ஒரு அம்மா கைதட்டிக் கூப்பிட்டாள். துணி ஊறவைக்கிற தொட்டி வேண்டுமாம். விலை கேட்டாள். வாளிக்காரி சொன்னாள். அந்த அம்மா அநியாயமாகக் குறைத்துக் கேட்டாள்.

“சரி, எடுத்துக்கோங்க,” என்றாள் வாளிக்காரி.

அந்த அம்மா தொட்டியைக் கீழே வைத்தாள். “என்ன, ஒடனே சரிங்கறே?”

“கேட்டீங்க, குடுத்துட்டேன்.”

“ஓட்டை கீட்டை இருக்கா?” தொட்டியைத் திருப்பினாள், தட்டினாள், மோந்துகூடப் பார்த்தாள். “இவ்வளவு சீக்கிரம் குடுக்கறேன்னா ஏதோ இருக்கு. எனக்கு வேணாம்மா.” கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

புருஷன் தொட்டியை எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கினான். “இப்படியே போனா நாம வியாபாரமும் பண்ண முடியாது, வீடும் பாக்க முடியாது,” என்றான். பிறகு வண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, “ஆண்கள் விடுதில வண்டியை உள்ள விட மாட்டாங்களாம். கேட்டுட்டு வந்தேன்” என்றான்.

“எதுக்குக் கேட்டீங்க?”

“சும்மாதான்.”

ரொம்ப தூரம் வரை இருவரும் ஆளுக்கொரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத் தண்ணீர் மொள்ளும் ஒரு மக்குதான் விற்றது.

வெள்ளிக்கிழமை காட்டிய இடம் ஒரு சலவைக் கடையின் பின்கட்டு. முன்னால் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. பக்கவாட்டுச் சந்து வழியாகப் போனால் அறை. கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். கடையின் கொதிகலன் அந்தப் பக்கம் இருந்ததால் ஒரு சுவர் சுட்டது. மறுபக்கச் சுவர் பாதி உயரத்துக்கு ஈரம். ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் யாருடையவோ படுக்கை விரிப்புகள் முகத்தில் வந்து மோதின. சலவைக் கடைக்காரர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றார்.

வரும் வழியெல்லாம் வாளிக்காரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை மட்டும். புருஷனிடம், “உங்க வசனம் இன்னைக்கு வேணாம்” என்று கறாராகச் சொல்லியிருந்தாள். அவன் பத்திரமாக உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். குறைகள் ஒவ்வொன்றும் தொண்டைவரை வந்து முட்டின. விழுங்கினாள்.

“நல்லாயிருக்கும்மா,” என்றாள்.

சாவியம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“சுவரு கதகதன்னு இருக்கு,” என்றாள் வாளிக்காரி. “குளிருக்கு ரொம்ப நல்லது. ஜன்னலும் அழகா இருக்கு.” இதைச் சொல்வதற்குள் அவளுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. கொதிகலன் காரணமாகவும் இருக்கலாம்.

சாவியம்மா அவளையும் அவள் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “புரிஞ்சுதுக்கா.”

“என்ன புரிஞ்சுது?”

“பிடிக்கலல்ல?”

“ஐயய்யோ! நல்லாயிருக்குன்னுதானே சொல்றேன்!”

“பிடிக்கலன்னா நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு வந்துடுவோம்னு நீங்கதானே சொன்னீங்க? நான் அன்னைக்கே மனசுல எழுதி வச்சுக்கிட்டேன். மறுபடி தப்புப் பண்ணிடக் கூடாதுன்னு.”

“இல்லம்மா, இது அது இல்ல…”

“கஷ்டப்பட்டுச் சொல்லாதீங்க அக்கா.”

“சரி, அப்ப கேட்டுக்கோ. கதவு சாத்தல. சுவத்துல ஊத்துத் தண்ணி வருது. இந்த ஜன்னலைத் தொறந்தா ஊர் துணியெல்லாம் மூஞ்சியத் தொடச்சுட்டுப் போவுது. போதுமா?”

“அப்ப ரொம்பப் பிடிச்சிருக்கா?”

வாளிக்காரிக்குப் பிடித்ததைத் திட்டத் தெரியும். பிடிக்காததைத் தாண்டிப் போகத் தெரியும். பிடிக்காத பொருள் வேண்டும் என்று கேட்பதற்கு அவள் தொழிலில் வார்த்தையே இல்லை. புருஷனைப் பார்த்தாள். அவன் உதட்டை இன்னும் கடித்துக்கொண்டுதான் நின்றான். சலவைக் கடைக்காரர், இந்த வீட்டில் யார் யாருக்கு என்ன விற்கிறார்கள் என்று புரியாமல் துண்டால் இரண்டாம் முறையாகக் கையைத் துடைத்தார்.

சாவியம்மா பெரியவளின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள். “உங்க அம்மா பாஷை எனக்கு வராதும்மா. நீ சாதாரணமா சொல்லு. எப்படியிருக்கு?”

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். இந்தத் தடவை அம்மா எந்தப் பார்வையும் பார்க்கவில்லை. ஈரச் சுவரில் எதையோ தேடுகிறவளைப் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பிடிக்கல,” என்றாள் பெரியவள்.

ஈரச் சுவரைக் கையால் காட்டினாள்.

“அந்தப் பக்கம் புத்தகம் வச்சா நனைஞ்சுடும். மிஷின் சத்தத்துல படிக்க முடியாது. ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும். அந்த வீடு நூறு மடங்கு நல்லாயிருந்துச்சு.” மூச்சு வாங்கினாள். அவள் வாழ்நாளில் ஒரு பொருளைப் பற்றி அவ்வளவு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. “ஆனா இங்க நாலு பேரும் ஒண்ணா இருக்கலாம். எடுத்துக்கலாம்.”

சாவியம்மா எழுந்து வாளிக்காரியிடம் வந்தாள். “அவ சொன்னதுதானா, அக்கா?”

“அவ சொன்னதுதான்,” என்றாள் வாளிக்காரி சுவரைப் பார்த்தபடியே.

“அண்ணா?”

புருஷன் உதட்டை விடுவித்தான். தலையை மட்டும் பலமாக ஆட்டினான்.

பை திறந்தது. சாவி கை மாறியது.

வாசலில் நின்ற சலவைக் கடைக்காரருக்கு இதெல்லாம் ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். “பாப்பா சொல்றதைப் பாத்தா உங்களுக்கு அவ்வளவா இஷ்டமில்ல போலிருக்கே. நான் கட்டாயப்படுத்தலங்க. கேட்டுக்கிட்டு நெறைய பேர் வர்றாங்க” என்றார்.

வாளிக்காரி அறையின் நடுவில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்து, முடிச்சை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். சின்னவன் ஓடிவந்து அவள் முதுகில் சாய்ந்துகொண்டான்.

“இஷ்டம் இல்லதான் அண்ணே. ஆனா எடுத்தாச்சு,” என்றாள். குரலில் பழைய தெம்பு ஊறி வருவதைப் புருஷன் கவனித்தான். “இனிமேதான் பேசணும். அந்தச் சுவத்துல எந்தக் குழாய் ஒடைஞ்சிருக்கு, முதல்ல அதைச் சொல்லுங்க.”

“குழாயெல்லாம் ஒண்ணும் ஒடையல. மழைக்காலம்ல, அப்படித்தான் இருக்கும்.”

“மழை பாதிச் சுவத்துக்கு மட்டும் பெய்யுமா? நீங்களும் கடை வச்சிருக்கீங்க, நானும் வண்டி வச்சிருக்கேன். நமக்குள்ள எதுக்கு? அப்புறம் இந்தக் கதவு. இதைத் தூக்கித் தூக்கிச் சாத்தினா ஒரு மாசத்துல என் வீட்டுக்காரரு பயில்வான் ஆயிடுவாரு. சோறு போட எனக்குக் கட்டாது.”

சாவியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவள் முயலவில்லை. பெரியவள் ஈரமில்லாத சுவரில் கையை வைத்து, எந்த இடம் சுடாது என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சலவைக் கடைக்காரர் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “கடையில ஆள் இல்லம்மா. இப்ப நேரமில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாமே.”

“பாத்துக்கலாம் அண்ணே,” என்றாள் வாளிக்காரி. முதுகில் இருந்த பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கால்களை வசதியாக நீட்டிக்கொண்டாள். “மெதுவாவே வாங்க. ஒண்ணும் அவசரமில்ல. நாங்க எங்கயும் போகப் போறதில்ல.”